ஆவணியில் குடிபோக இருந்தவள்

பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்கு வாயைவிடக் கை முந்தும். மற்றவர்கள் கோபம் வந்தால் முதலில் முனகுவார்கள், பிறகு கத்துவார்கள், தாங்க முடியாத கட்டத்தில்தான் கையை ஓங்குவார்கள். பெரியம்மாவுக்கு இந்த வரிசையே கிடையாது. அடித்து முடித்த பிறகுதான் என்ன விஷயம் என்று கேட்பாள். சின்னமனூரில் எங்கள் தெரு நாய்கள்கூட அவள் வாசல் வந்தால் எதிர்ச்சாரிக்கு மாறி நடக்கும்.

சொந்தப் பெரியம்மா இல்லை. இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர், என் அம்மாவைவிட மூத்தவள், அதனால் பெரியம்மா. வாழையிலை வியாபாரம் செய்தாள். வாய்க்கால் ஓரம் ஒரு தகரக் கொட்டகையும் அதன் முன்னால் ஓர் அறையும் வாடகைக்கு எடுத்திருந்தாள். தோட்டங்களிலிருந்து வரும் இலையை அங்கே பிரித்து அடுக்கி, நாரால் இறுக்கிக் கட்டித் தேனிக்கு அனுப்புவாள். கட்டிக் கட்டி அவள் உள்ளங்கை பலகை மாதிரி ஆகியிருந்தது. நானும் அதை வாங்கியிருக்கிறேன், எட்டாம் வகுப்புப் படிக்கும்போது, அவள் வீட்டுக் கிணற்றுச் சுவரில் ஏறி நின்றதற்காக. என் காது அடைத்துப்போய்விட்டது. அம்மா கோபமாகச் சண்டைக்குப் போனாள்.

"உள்ள விழுந்து செத்திருந்தா யாருகிட்ட வந்து சண்டை போட்டிருப்பே?" என்று பெரியம்மா கேட்டாள்.

அம்மா திரும்பி வந்து, வந்த கோபத்தில் அவள் பங்குக்கும் எனக்கு ஒன்று வைத்தாள்.

பிறகு நான் தேனியில் ஒரு துணிக்கடைக்குக் கணக்கு எழுதப் போய்க்கொண்டிருந்தேன். ஒருநாள் சாயங்காலம் பஸ்ஸில் நெரிசல். இலைக் கட்டுகளை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த பெரியம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். நான் அவள் சீட்டை ஒட்டி நின்றேன். கொஞ்ச நேரத்தில் பின்னாலிருந்து ஒரு கை என் இடுப்பில் ஊர்ந்தது. விலகினால் அதுவும் விலகி வந்தது. சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. பெரியம்மா தற்செயலாக என் முகத்தைப் பார்த்தாள். அவ்வளவுதான். மடியில் இருந்த, சோறு கொண்டுபோன தூக்குப் போசியை எடுத்தாள், எழுந்தாள், எனக்கு நேர் பின்னால் நின்றவர் மூக்கில் இறக்கினாள். அந்த மனிதரின் வெள்ளைச் சட்டை முன்பக்கம் முழுக்க ரத்தம்.

எனக்குப் பதறிவிட்டது. "பெரியம்மா, இவரு இல்ல. அந்தா, அங்கிட்டு நிக்கிறான்" என்றேன்.

அவள் முகத்தில் ஒரு வருத்தமும் தெரியவில்லை. கையை மடக்காமல் அப்படியே திரும்பி, நான் காட்டியவனை அதே போசியால் இன்னும் பலமாக அடித்தாள். அவன் படிக்கட்டுப் பக்கம் சரிந்தான். வீரபாண்டியில் பஸ்ஸை நிறுத்தி அவனை இறக்கிவிட்டார்கள். முதலில் அடி வாங்கியவர் மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு, "நான் என்னம்மா செஞ்சேன்?" என்று கேட்டார்.

"பாத்துக்கிட்டுத்தான நின்னே. அதுக்குத்தான்" என்றாள் பெரியம்மா, உட்கார்ந்துகொண்டே.

இந்தக் கதையை நான் எத்தனையோ பேரிடம் சிரித்துச் சிரித்துச் சொல்லியிருக்கிறேன். அவளை எனக்கு அவ்வளவு பிடிக்கும். ஆனால் அவளைப் பற்றி எனக்குத் தெரிந்த மற்ற கதைகளைச் சிரித்துக்கொண்டு சொல்ல முடியாது. அவை சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டவை.

பெரியப்பா ஜீப் ஓட்டினார். விடியும்போதே கம்பத்துக்குப் போய், ஏலத் தோட்டத்துக்கு வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு கேரளா மலைக்கு ஏறுவார். பாதி மலையாளம் பேசுவார், குரல் உயராது. சில நாள் குடித்துவிட்டு வருவார். அன்றைக்கு இலை கட்டும் நாரை நாலாக மடித்துப் பெரியம்மா அவரை அடிக்கும் சத்தம் எங்கள் அடுப்படி வரைக்கும் கேட்கும். அவர் "மதி, மதி" என்பார். மலையாளத்தில் போதும் என்று அர்த்தம். அவர் போதும் என்ற பிறகும் அவள் கை நிற்காது. எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த நாங்கள் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்போம். சத்தம் நின்றதும் தேங்காய் எண்ணெய்க் கிண்ணம் வைக்கும் ஓசை கேட்கும். அடித்த இடத்துக்கு அவளே தடவிவிடுவாள்.

மகனை அடித்தது இன்னும் மோசம். அவன் என்னைவிடப் பெரியவன், எனக்கு அண்ணன் முறை. பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் ஆற்றில் குளித்துக்கொண்டிருந்தான் என்று ஒருநாள் தெரிந்தது. முல்லையாற்றில் அப்போது நல்ல தண்ணீர். கரையிலிருந்து வீடு வரைக்கும் தெருவெல்லாம் அடித்துக்கொண்டே கூட்டி வந்தாள். வாசலில் அவன் மயங்கி விழுந்தான். விழுந்த பிறகும் ஓர் அடி விழுந்தது. அதை நான் கண்ணால் பார்த்தேன். அப்புறம் அவளே அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள், ஓடும்போதும் "எதுக்குலே என்னைய அடிக்க வச்சே, எதுக்குலே" என்று அழுதுகொண்டே ஓடினாள். அந்த அழுகை பொய் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அவன் கல்யாணம் செய்துகொண்டது தேவதானப்பட்டிப் பெண்ணை. தாய் இல்லாத பெண், வாய் துடுக்கு இல்லை, வேலையில் சுணக்கமும் இல்லை. குறை என்று சொல்லப்போனால், பெரியம்மா கேட்டதற்கு உடனே பதில் சொல்ல வராது, யோசித்துச் சொல்லும். பெரியம்மாவுக்குப் பொறுமை ஏது? ஒருநாள் உலையில் கிடந்த கரண்டியை எடுத்து, சூட்டோடு அந்தப் பெண்ணின் முழங்கைக்கு மேல் வைத்துவிட்டாள். என்ன கேட்டு என்ன பதில் வரவில்லை என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. அடுத்த மாதமே மகன் கோயம்புத்தூரில் ஒரு மோட்டார் கம்பெனியில் வேலை வாங்கிக்கொண்டு மனைவியோடு போய்விட்டான். அதற்குப் பிறகு மருமகள் பொங்கலுக்கு வருவாள், சாவுக்கு வருவாள். வந்தாலும் அடுப்படிக்குள் பெரியம்மா இருக்கும்போது போக மாட்டாள்.

பெரியப்பா இறந்தார். கொஞ்ச நாளில் பெரியம்மாவுக்குச் சர்க்கரை ஏறி, இலைக் கொட்டகையிலேயே மயங்கி விழுந்தாள். மகன் ஓடி வந்தான். இனிமேல் தனியாக விட முடியாது, கோயம்புத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றான். பின்தெருக்காரர் ஒருவர் வீட்டை வாங்கிக்கொள்ள ஒத்துக்கொண்டார். எல்லாம் முடிவான பிறகு பார்த்தால் மறுநாள் ஆடி பிறக்கிறது.

"ஆடியில எவனாச்சும் குடி போவானா?" என்றாள் பெரியம்மா.

"ஏம்மா, நீ என்ன புதுவீட்டுக்கா போறே? என் வீட்டுக்குத்தான கூட்டிட்டுப் போறேன். இதுக்குப் போயி ஆடி என்ன ஆவணி என்ன?"

"வீட்டக் காலி பண்ணிச் சாமான் சட்டியோட போறதுக்குப் பேரு என்னலே? விருந்தாடியா? குடி போறதுன்னா குடி போறதுதான். ஆவணி பெறக்கட்டும்."

மகன் என்னைப் பார்த்துச் சிரித்தான். நானும் சிரித்தேன். வீடு வாங்கியவரும் ஆடியில் குடி வரமாட்டார் என்பதால் அவருக்கும் இதில் ஆட்சேபம் இல்லை. அவன் கூட்டிக்கொண்டு போவதாக நினைத்தான். அவள் குடிபோவதாக நினைத்தாள். இரண்டும் வேறு வேறு என்று அன்றைக்கு எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை.

ஆடி முழுக்க மூட்டை கட்டும் வேலை. மகன் விடுமுறை இல்லாமல் திரும்பிப் போனான். மருமகளை உதவிக்கு விட்டுவிட்டுப் போனான். அவள் அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. ரொம்ப வருஷம் காத்திருந்து தங்கியது. பிரசவத்துக்கும் ஒரு பெரிய மனுஷி கூட இருப்பாள் என்று மகன் கணக்குப் போட்டிருந்தான்.

நான் கடைக்குப் போவதற்கு முன்னும் வந்த பின்னும் அந்த வீட்டில்தான் கிடந்தேன். பரணிலிருந்து பாத்திரங்கள் இறங்கின. அண்டா, குண்டான், உடைந்த மின்விசிறி, பெரியப்பாவின் ஜீப்பிலிருந்து கழற்றி வைத்திருந்த ஹாரன், முறுக்கு உரலில் தேய்ந்துபோன அச்சுகள். ஒவ்வொன்றையும் துடைத்துப் பெரியம்மா முற்றத்தில் வைப்பாள். மருமகள் பார்த்துவிட்டு மெதுவாகச் சொல்வாள்.

"இது வேணாம் அத்தை. நம்ம வீடு ரெண்டாவது மாடி. வைக்க எடம் இல்ல."

மருமகள் வேண்டாம் என்று சொன்ன எந்தப் பொருளையும் பெரியம்மா யாருக்கும் கொடுக்கவில்லை. உடைத்தாள்.

முதலில் பெரிய மண் குதிர். கடப்பாரையால் ஒரே போடு. அடுத்து கயிற்றுக் கட்டில். கயிற்றை அரிவாளால் அறுத்து, சட்டத்தைக் காலால் மிதித்து முறித்தாள். கிரைண்டர்மேல் தெருவில் பலபேர் கண் வைத்திருந்தார்கள். எதிர்வீட்டு அக்கா வாயைத் திறந்து கேட்டேவிட்டாள். பெரியம்மா அவள் கண் முன்னாலேயே கிரைண்டர் கல்லைச் சம்மட்டியால் பிளந்தாள். சில் தெறித்து என் கணுக்காலில் ரத்தம் வந்தது.

"குடுத்திருந்தா நல்லா வச்சுக்கிருவாகள்ல பெரியம்மா" என்றேன், காலைப் பிடித்துக்கொண்டு.

"முன்னாடியே வேணும்னு சொல்லி ஒருத்தி கேட்டிருந்தா குடுத்திருப்பேன். ஒருத்தி வேணாம்னு ஒதுக்குனத இன்னொருத்தி தூக்கிட்டுப் போறதுக்கு என் சாமான் என்ன தெருவுல கெடக்கா?"

தெருவே அந்த மாதம் முழுக்க உடைகிற சத்தத்தில் எழுந்து உடைகிற சத்தத்தில் சாப்பிட்டது. பழைய டிவியை மொட்டை மாடியிலிருந்து போட்டாள். பெரியப்பா உட்கார்ந்து பேப்பர் படித்த நாற்காலியை மட்டும் உடைக்காமல் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு அதையும் சுவரில் அறைந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் உடைத்தது பொருளை இல்லை என்று எனக்குத் தோன்றியது. மறுநாளும் அவளோடு உட்கார்ந்து மூட்டை கட்டினேன், வேறென்ன செய்வது?

மருமகள் ஒவ்வொரு சத்தத்துக்கும் வயிற்றைப் பிடித்துக்கொள்வாள். ஒருநாள் துணி காயப்போடும்போது கொல்லைச் சுவருக்கு மேலே அவளிடம் கேட்டேன்.

"ஏன் மதினி, இஷ்டம் இல்லாமயா கூட்டிட்டுப் போறீக?"

"அவரு ஆசைப்படுறாரு. எனக்கும் ஆத்தா இல்ல, பிள்ளை பெத்தா பாத்துக்கிற ஆள் வேணும். அவுக வேல செஞ்சா சுத்தமா இருக்கும், அதுல குறை சொல்லக்கூடாது." ஈரப் புடவையை உதறிப் போட்டாள். முழங்கைக்கு மேல் அந்தத் தழும்பு பளபளவென்று இருந்தது. "ஆனா அந்தக் கை என் வீட்டுக்குள்ள வரப்போகுதே. என்னைய அடிச்சா நான் வாங்கிக்கிருவேன். பழகினதுதான். நாளைக்கு என் பிள்ள பாலக் கொட்டுச்சுன்னு அது மேல விழுந்தா?"

பெரியம்மா திருந்திவிட்டாள் என்று சொல்ல வாய் வரவில்லை. உள்ளே கடப்பாரைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

பெரியம்மாவுக்கும் பயம் இருந்தது. அதை அவள் பயம் என்று சொல்லவில்லை. ஆடி முடியப்போகும்போது ஒரு மத்தியானம், இலைக் கொட்டகையை அவளிடம் வேலை பார்த்தவளிடம் ஒப்படைத்துவிட்டு வந்து, சாக்குப் பைமேல் உட்கார்ந்துகொண்டு கேட்டாள்.

"ஏத்தா, அங்கன போயி நான் என்ன செய்வேன்?"

"சும்மா இருங்க பெரியம்மா. இம்புட்டு நாள் ஒழச்சது போதாதா?"

"சும்மா இருந்து சோறு திங்கிறவளுக்குப் பேரு வேற. ஒண்ட வந்தவன்னு சொல்வாக. நான் அப்பிடிப் போக மாட்டேன். முறையாப் போவேன்."

முறையாக என்றால் என்ன என்று நான் அப்போதே கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

ஆவணி பிறந்து முதல் நல்ல நாள். மகன் முந்தின நாளே வந்துவிட்டான். காலையில் வாசலில் ஒரு காரும், சாமானுக்கு ஒரு குட்டியானை வண்டியும் நின்றன. உடையாமல் தப்பித்த சாமான்கள் ஏறிவிட்டன. மகன் வண்டி மேல் நின்று தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். டிரைவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். மருமகள் கார்க் கதவைத் திறந்து வைத்து, அத்தைக்கு முதுகு வலிக்காமல் இருக்க ஒரு தலையணையை வைத்துக்கொண்டிருந்தாள். இதையும் சொல்லத்தான் வேண்டும்.

பெரியம்மா வெளியே வந்தாள். தலைக்குக் குளித்து, புதுச் சேலை கட்டியிருந்தாள். இடுப்பில் ஒரு புதுச் சட்டி. சட்டி நிறையக் கல்லுப்பு, உப்பின் மேல் மஞ்சள் கிழங்கு. வலது கையில் அளக்கிற இரும்புப் படி நிறைய அரிசி.

எங்கள் பக்கத்தில் குடிபோகிற எவரும் வெறுங்கையோடு புதுவீட்டு வாசற்படி மிதிப்பதில்லை. உப்பும் மஞ்சளும் அரிசியும்தான் முதலில் உள்ளே போகும். அதற்குப் பிறகுதான் பால் காய்ச்சுவதெல்லாம். அதை எடுத்துக்கொண்டு போவது அந்த வீட்டுக்கு உரியவள். பெரியம்மா வாழ்ந்த வீட்டுக்குள்ளெல்லாம் அப்படித்தான் நுழைந்தாள். இன்றைக்கும் அப்படி நுழைவதுதான் மரியாதை என்று நினைத்துவிட்டாள். ஒண்ட வந்தவளாக இல்லாமல் முறையாகப் போவது என்றால் அவளுக்கு இதுதான். அந்த வீட்டில் ஏற்கெனவே ஒருத்தி உப்புப் போட்டுச் சமைத்துக்கொண்டிருக்கிறாள் என்பது அவள் கணக்கில் வரவே இல்லை.

மருமகள் அந்தச் சட்டியைப் பார்த்தாள். தலையணையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்தாள்.

"என்னத்தை இது?"

"பாத்தாத் தெரியல? உப்பு."

"என் வீட்டுல உப்பு இருக்கு."

"இருந்தா என்ன? குடி போறப்ப—"

"யாரு குடி போறா?" இத்தனை வருஷம் யோசித்து யோசித்துப் பேசிய பெண், அன்றைக்கு யோசிக்கவில்லை. "அது என் வீடு அத்தை. நான் குடி போயாச்சு. வயித்துல பிள்ளையோட நான் ஒருத்தி இருக்கையில, தாலியறுத்த கையால உப்புச் சட்டியத் தூக்கிட்டு என் வாசப்படியில ஏறப் போறீகளா?"

சொல்லிக்கொண்டே சட்டியைப் பிடித்து இழுத்தாள். சட்டி நழுவி வாசற்படியில் விழுந்து உடைந்தது. உப்பு தெரு வரைக்கும் சிதறியது.

பெரியம்மாவின் இடது கை எழுந்தது. அந்தக் கை எழுந்தால் விழாமல் இறங்கி நான் பார்த்ததில்லை. மருமகள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். பிடித்த வேகத்திலேயே இன்னொரு கையால் பெரியம்மாவின் கன்னத்தில் அறைந்தாள்.

டிரைவர்கள் டீ டம்ளரை வைத்துவிட்டார்கள். பெரியம்மாவை யாரும் அடித்து நான் பார்த்தது அது ஒரு தடவைதான். அவள் திருப்பி அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. கன்னத்தைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், மருமகளின் முகத்தையே உற்றுப் பார்த்தாள். மருமகள் மூச்சு வாங்க நின்றாள். அவள் கண்ணில் தண்ணீர் இல்லை. ஏதோ பாரம் இறங்கிய மாதிரி ஒரு தெளிவு இருந்தது. அதைப் பார்க்க எனக்கே பிடிக்கவில்லை.

மகன் வண்டியிலிருந்து குதித்தான். நடந்தது அவனுக்குப் பாதிதான் தெரியும், ஆனால் அவன் யார் பிள்ளை? என்ன ஏதென்று கேட்கவில்லை. ஓடி வந்து மனைவியின் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துச் சுவரோடு தள்ளினான். அவள் வயிற்றை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். அவன் கையை ஓங்கினான்.

அந்தக் கை இறங்குவதற்குள் இரும்புப் படி அவன் நெற்றியில் இறங்கியது. அரிசி அவன் தலையிலிருந்து கொட்டியது, அதன் பின்னாலேயே ரத்தமும். கண்ணை மூடிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான்.

"பிள்ளத்தாச்சி மேலயா கைய ஓங்குறே?" என்றாள் பெரியம்மா. மறுபடியும் படியை ஓங்கினாள். நான் பின்னாலிருந்து கட்டிப் பிடித்துக்கொண்டேன். அவள் திமிறினாள். "ஏலே, நீ அவ மேல இனி கைய வச்சேன்னு நான் கேள்விப்பட்டேன், அங்கன வந்து உன் கைய ஒடிச்சுப் போட்டுட்டு வருவேன். அவ எனக்குச் செஞ்சதுக்கும் உனக்கும் சம்பந்தம் இல்ல."

எங்கள் வீட்டிலிருந்து பஞ்சும் தண்ணீரும் கொண்டுவந்து அவன் நெற்றியைத் துடைத்தேன். வெட்டு பெரிதில்லை. மருமகள் சுவரோடு சரிந்து உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். அந்தத் தெளிவெல்லாம் போய்விட்டது. தவழ்ந்து வந்து பெரியம்மாவின் காலைப் பிடித்தாள்.

"அத்தை, எப்பிடி அடிச்சேன்னே தெரியல. நீங்க எதைத் தூக்கிட்டு வேணாலும் வாங்க. முன்னால நீங்க போங்க, பின்னால நான் வாரேன். வாங்கத்தை."

"எந்திரி. வயித்த அமுக்கிக்கிட்டுக் குனியாத" என்றாள் பெரியம்மா. அவளைத் தூக்கி நிறுத்தி, தலைமுடியை ஒதுக்கி, காரில் உட்காரவைத்தாள். மகனையும் எழுப்பி முன் சீட்டில் உட்காரவைத்தாள். பிறகு குட்டியானை டிரைவரைக் கூப்பிட்டாள்.

"தம்பி, வண்டிய வாய்க்காப் பக்கம் இலைக் கொட்டகைக்கு விடு. அங்கன முன்னாடி ஒரு ரூம்பு காலியாக் கெடக்கு. எல்லாத்தையும் அங்கன எறக்கிரு."

மகன் என்னென்னவோ சொல்லிப் பார்த்தான். அழுதான். அந்தத் தகர அறையில் எப்படி இருப்பாய், மயங்கி விழுந்தால் யார் பார்ப்பார்கள் என்றெல்லாம் கேட்டான். கடைசியில் என்னைப் பார்த்து, "தங்கச்சி, நீயாவது சொல்லு" என்றான்.

நான் அவளை எங்கள் வாசல் பக்கம் தள்ளிக்கொண்டு வந்தேன். கன்னம் நன்றாக வீங்கியிருந்தது.

"பெரியம்மா, கோவத்தைப் பாக்காதீக. மதினி கால்ல விழுந்துட்டாக. இனிமே செத்தாலும் உங்க மேல கை வைக்க மாட்டாக. இப்பப் போனா ராணி மாதிரி வச்சுக்கிருவாக."

"வைப்பா."

"என்னது?"

"கை வைப்பா. முத அடிக்குத்தான் கோவம் வேணும் ஆத்தா. அப்புறம் ஒண்ணும் வேணாம். காப்பி ஆறிப்போச்சுன்னா கை அடிக்கும், கதவ ஒரக்கச் சாத்துனா அடிக்கும். அடிச்சதும் அவ மூஞ்சி எப்பிடி இருந்துச்சுன்னு பாத்தியா? எனக்கு அது எப்பிடி இருக்கும்னு தெரியும்."

"அடி வாங்கப் பயந்துக்கிட்டா போக மாட்டேங்கிறீக?"

பெரியம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். எனக்கும் ஒன்று விழப்போகிறது என்று நினைத்தேன்.

"நான் குடுத்ததுக்கு எனக்கு எம்புட்டு விழுந்தாலும் தகும். அதுக்கில்ல." குரலைத் தாழ்த்திக்கொண்டாள், காருக்குக் கேட்டுவிடக் கூடாது என்பது போல. "நான் அங்கன போயி ஒக்காந்தா தெனமும் அவ கண்ணுல படுவேன். என்னைய வச்சுத்தான் அவ கை பழகும். பழகுன கைக்குப் பெரியவுக சின்னவுக தெரியாது. அந்த வீட்டுல ஒரு பிள்ள பெறக்கப் போகுது."

சொல்லிவிட்டுப் போய், தனக்காகத் திறந்து வைத்திருந்த கார்க் கதவைச் சாத்தினாள். கூரையை இரண்டு தட்டுத் தட்டி, "போலாம்" என்றாள் டிரைவரிடம்.